அப்பா தட்டிப் பேசிய காலம்

அம்மா கரண்டியோடு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"யாரப் பாத்து போடிங்குறீக?"

அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஸ்டூலின் மேல் என் மடிக்கணினி. கம்பம் வீட்டில் அன்றைக்கு வத்தக்குழம்பு. மிளகாய் வறுத்த நெடியில் நான் தும்மிக்கொண்டே ஓடி வந்தேன். அப்பா இரண்டு கையையும் விரித்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோலத் திரையைக் காட்டினார்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: "போடி பஸ் வந்திருச்சா?"

போடியிலிருந்து சித்தப்பா வருவதாகச் சொல்லியிருந்தார். அதைத்தான் அப்பா கேட்டிருக்கிறார். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும்போது நாங்கள் உதட்டை மெத்தென்று மூடித் திறப்போம். 'பஸ்' என்று சொல்லும்போது வருகிற அதே ஒலி. அப்பா தட்டுவதை வாசித்துச் சொல்லும் கணினிக்கு அது தெரியவில்லை. 'பல்' என்று சொல்கிற மாதிரி வல்லென்று அழுத்தி, மனைவியை விரட்டுகிற தொனியில், "போடி!" என்றுவிட்டது.

"முப்பது வருசத்துல ஒரு தடவ இந்த மனுசன் என்னையப் போடின்னு சொன்னதில்ல. வாய் போனதுக்குப் பொறகுதான் சொல்லணும்னு இருந்திருக்கு" என்றாள் அம்மா. கோபம் முகத்தில் இருந்தது. கண்ணில் இல்லை.

அப்பா சிரித்தார். அவர் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். சிகிச்சைக்குப் பிறகு அந்தத் தோள் குலுங்கியதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

சத்தம்தான் அவர் தொழில்

சென்ற வாரம் இந்தத் தொடரில் கல்லூரி விடுதியைப் பற்றி எழுதியபோது அப்பாவைப் பற்றி ஒரு வரிதான் எழுதினேன். படித்த சிலர், "உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருடைய வேலை கத்துவது.

கம்பம் ஜீப் ஸ்டாண்டில் கேரளத்து எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிவிடுவார். விடிவதற்குள் தூக்குவாளிகளோடு பெண்கள் வந்து நிற்பார்கள். "கம்பம்மெட்டு, நெடுங்கண்டம், கட்டப்பனை!" என்று அவர் ஒரே மூச்சில் இழுக்கிற இழுப்பு, இரண்டு தெரு தள்ளி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். மலையாளத்துக்காரர் யாராவது வந்தால், "வா சேட்டா, கேறிக்கோ!" என்று பாஷையை மாற்றுவார். அந்தச் சத்தம் கேட்டால்தான் நானும் மலர் அக்காவும் எழுந்திருப்போம். எங்கள் வீட்டில் அலாரம் வைத்து எழும் பழக்கமே கிடையாது.

அப்புறம் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுவை சிகிச்சை. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு. அதை மறைக்க ஒரு வெள்ளைத் துணி.

மலர் அக்கா கம்பத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தத் துளையைத் துடைப்பது, அதில் பொருத்திய குழாயைக் கழுவுவது எல்லாம் அவள்தான். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. அம்மா அந்த நேரம் பார்த்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அக்கா அந்த வேலையைத் தலை பின்னிவிடுகிற மாதிரி பேசிக்கொண்டே செய்வாள். "அங்கன பாருங்கப்பா, இங்கன பாருங்கப்பா" என்று அவர் தலையைத் திருப்புவாள். அப்பா குழந்தை மாதிரி திரும்புவார்.

ஊர் என்ன செய்தது என்றால், அவருக்குக் காதும் கேட்காது என்று முடிவு கட்டிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் அவர் முகத்துக்கு நேராகக் கத்துவார்கள். இல்லாவிட்டால் அவரை விட்டுவிட்டு அம்மாவிடம் கேட்பார்கள். "அண்ணன் சாப்பிட்டாகளா?" அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

கொஞ்ச நாளில் அப்பா வாசலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று இருக்கிறது, புண் நன்றாக ஆறட்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவரைக்கும் கை ஜாடைதான். ஜாடை புரியாவிட்டால் இரண்டு தரம் காட்டுவார். மூன்றாவது தரம் காட்டமாட்டார். விட்டுவிடுவார்.

எஸ்தரின் பென்டிரைவ்

அந்தச் சமயம் நான் தேனியில் பி.காம். இரண்டாம் வருஷம். என்னிடம் இருந்தது பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த மடிக்கணினி. திறந்ததும் இரண்டு வரிகள் வரும். எந்த இயங்குதளம் வேண்டும் என்று கேட்கும். எல்லோரும் தெரிந்ததைத்தான் தேர்வு செய்வோம். இன்னொன்று லினக்ஸ். அந்த வரிமேல் விரல் பட்டுவிட்டாலே ஏதோ கெட்டுப்போகும் என்று பயந்து கணினியை அணைப்போம்.

கணினிக்கு வயதாகிவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்துத் தலை துவட்டி வந்தால்தான் திரை தயாராக இருக்கும். என் அறைத் தோழி எஸ்தர் அதைப் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்தாள். அவள் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவரின் மகள். அவர்கள் கடையில் இருந்த பழைய கணினிகளுக்கெல்லாம் அவள் அண்ணன் லினக்ஸ் போட்டு உயிர் கொடுத்திருந்தான்.

"செல்வி, இத தூக்கிப் போட்டுறப் போறியா, இல்ல எங்கிட்டத் தர்றியா?"

"என்ன செய்வ?"

"மொத்தமா தொடச்சிட்டு லினக்ஸ் மட்டும் போட்டுத் தர்றேன். புதுசாக் கொஞ்சம் பழகணும். அம்புட்டுதான்."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடித்து வந்து, ஒரு பென்டிரைவைச் சொருகினாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். திரும்பிப் பார்த்தபோது என் பழைய கணினி பளிச்சென்று, ஊமை மாடு மாதிரி அமைதியாக இருந்தது. தட்டினால் உடனே திறந்தது.

ஆனால் வைஃபை வரவில்லை.

ஒரு வாரம் வரவில்லை. கைப்பேசியை வயரில் மாட்டித்தான் இணையம். அடுத்து, ஜெராக்ஸ் கடையில் என் கட்டுரையைத் திறந்தால் எழுத்தெல்லாம் இடம் மாறி ஓடியது. "என்ன பாஷைம்மா இது?" என்றார் கடைக்காரர். பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொண்டுபோக வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. வகுப்பில் எனக்குப் 'பென்குயின்' என்று பெயர் வைத்தார்கள், லினக்ஸின் சின்னம் அந்தப் பறவை என்பதால். இரண்டு தடவை எஸ்தரிடம் சண்டை போட்டேன். "பழசே போட்டுக் குடு" என்று அழுதேன்.

"இன்னும் ஒரு வாரம் பாரு" என்றாள் அவள். பார்த்தேன். வைஃபை வந்தது. கோபம் போனது. பழகிவிட்டது.

ஒரு நாள் நூலகத்தில் ஏதோ மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தியிருக்கிறேன். கணினி திடீரென்று ஆங்கிலத்தில் உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. நான் எங்கே நகர்த்தினாலும் அதை வாசித்தது. நூலகர் எழுந்து நின்றுவிட்டார். நான் மூடியைச் சாத்தினேன். அப்போதும் ஒரு வார்த்தை பாக்கி வைத்துப் பேசிவிட்டுத்தான் ஓய்ந்தது.

பார்வை இல்லாதவர்களுக்காகத் திரையை வாசித்துக் காட்டும் நிரல் அது என்று எஸ்தர் சொன்னாள்.

"தமிழ் பேசுமா?" என்று கேட்டேன்.

"பேசும். கேக்கச் சகிக்காது."

அந்த வாரக் கடைசியில் கம்பம் பஸ்ஸில் ஏறியபோது மடிக்கணினியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

சீனி கம்மி

இதற்கு முன்னால் கைப்பேசியில் ஒரு தடவை முயன்றிருக்கிறோம். எழுதினால் பேசியது. இனிமையான பெண் குரல். "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று அறிவிப்பு மாதிரி சொன்னது. அப்பா கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை.

கணினியில் வந்த குரல் இனிமையெல்லாம் இல்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற ஆள் மாதிரி இருந்தது. ஆனால் அதன் கனத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். வேகத்தை மாற்றலாம். நான் ஒவ்வொன்றாக மாற்றினேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். கடைசியில் நன்றாகத் தடித்த ஓர் ஆண் குரலில் விரலைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

பொத்தான்கள்மேல் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தேன். எட்டாவது வரை படித்த மனிதர். ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறார் என்று அம்மா முந்தானையைக் கையில் தயாராக வைத்திருந்தாள்.

கணினி சொன்னது: "காப்பியில சீனி கம்மி."

"இத்தன நாளாவா?" என்றாள் அம்மா.

அப்பா தலையாட்டினார்.

"இத்தன நாளா கம்மியாவா குடிச்சீக? கைய காட்டிச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டவள், அப்படியே சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். மலர் அக்கா போய்ப் புதிதாகக் காப்பி போட்டாள். அன்றைக்கு எல்லோருக்கும் பாயசம் மாதிரி காப்பி.

ரெண்டும் வேணும்

போடி விவகாரத்துக்கு வருகிறேன்.

கட்டற்ற மென்பொருள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கலாம். பரீட்சைக்கு எழுதினால் மார்க் கிடைக்கும் வாக்கியம். அன்றைக்கு அம்மா கரண்டியோடு நின்றபோதுதான் அதற்கு அர்த்தம் தெரிந்தது. அந்த நிரலின் உச்சரிப்புகள் எல்லாம் சாதாரண எழுத்துக் கோப்பாக என் கணினியிலேயே இருந்தன. பூட்டு இல்லை. எஸ்தர் கைப்பேசியில் வழி சொல்ல, நான் 'போடி' என்று ஒரு வரி சேர்த்து, அதற்குப் பக்கத்தில் எப்படி ஒலிக்க வேண்டும் என்று எழுதினேன். முதல் தடவை 'பூடி' என்றது. இரண்டாவது தடவை பேச்சையே நிறுத்திவிட்டது. சாயந்திரம் வாக்கில், எங்கள் ஊர் ஆள் சொல்வது போலவே, "போடி" என்றது.

அப்பா கை தட்டினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தட்டினார்.

"ரெண்டும் வேணும்."

"என்ன ரெண்டுப்பா?"

"ஊரும் வேணும். உங்கம்மாவச் சொல்றதும் வேணும்."

அம்மா உள்ளே போய்விட்டாள். திட்டுவதற்குக் கடைசி எழுத்தை நெடிலாக்கித் தட்டச் சொல்லி வழி செய்து கொடுத்தேன். மறுநாள் காலையில் காப்பி கொண்டு வந்தவளைப் பார்த்துக் கணினி, "போடீ" என்று கொஞ்சலாக இழுத்தது. "கல்யாண வயசுல பிள்ளைகள வச்சுக்கிட்டு..." என்று அம்மா தம்ளரை டங்கென்று வைத்தாள். ஆனால் அன்று முழுக்கப் பழைய பாட்டு எதையோ முனகிக்கொண்டிருந்தாள்.

அதிலிருந்து மடிக்கணினியை அப்பாவிடமே விட்டுவிட்டேன். வாரா வாரம் ஊருக்குப் போனால் அப்பா திருத்தங்களோடு காத்திருப்பார். ஜீப், பெட்ரோல், எங்கள் பெயர்கள். எதைச் சரியாகச் சொல்லவில்லையோ அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டுவார். கணக்குப் பதிவியல் படித்த நான் மூக்கொலிக்கும் நாவொலிக்கும் வித்தியாசம் தேடி அலைந்தேன்.

மாப்பிள்ளை வீடு

மலர் அக்காவுக்கு வடுகபட்டியிலிருந்து வரன் வந்தது. பூண்டு வியாபாரக் குடும்பம். மாப்பிள்ளை நல்லவர். அக்காவுக்கும் பிடித்திருந்தது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா ஒரு வார்த்தை சொன்னார்.

"எங்க வீட்டுல பொம்பளைக வேலைக்குப் போய்ப் பழக்கமில்ல. மண்டியில வர்றதே போதும்."

எங்கள் பக்கம் பேச வேண்டியவர் சித்தப்பா. "அதெல்லாம் பொறகு பாத்துக்கிருவோம்" என்று மிக்சர் தட்டை நகர்த்தினார். அவர்கள் போன பிறகு அக்கா யூனிபாரத்தை இஸ்திரி போட்டாள். போட்டதையே மறுபடியும் போட்டாள். "பரவால்ல செல்வி, விடு" என்றாள். நான் விட்டுவிட்டேன். அப்பா அவ்வளவு நேரமும் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தோம்.

நிச்சயம் எங்கள் வீட்டு வாசலில், சாமியானாவுக்குக் கீழே. எங்கள் பக்கத்து வழக்கப்படி தாம்பூலத் தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா மூன்று தடவை சொல்ல வேண்டும். "வெத்தலபாக்கு எங்களுது, பொண்ணு உங்களுது." மூன்று தடவை சொன்னால்தான் நிச்சயம்.

தட்டை எடுத்தபோது சித்தப்பா முன்னால் வந்தார்.

"அண்ணனுக்குப் பதிலா நான் சொல்லிர்றேன். அண்ணே, சரிதான?" என்று அப்பாவின் காதுக்குப் பக்கத்தில் கத்தினார்.

அப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். என்னைப் பார்த்தார்.

நான் மடிக்கணினியைக் கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். எஸ்தர் தன் வீட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் கொண்டு வந்திருந்தாள். மாட்டினாள். கூட்டம் முணுமுணுத்தது. பின்வரிசையில் யாரோ, "என்னப்பா, சினிமா காட்டப் போறாகளா?" என்றார்கள். கணினி ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னாலும் சபை சிரித்துவிடும். அப்பா அதற்குப் பிறகு எந்தச் சபைக்கும் வரமாட்டார்.

வாக்கியத்தை முன்னாலேயே எழுதி வைத்திருந்தோம். அப்பா பொத்தானை அழுத்தினார்.

"வெத்தலபாக்கு எங்களுது, பொண்ணு உங்களுது."

தடித்த, தகரக் குரல். ஒரு எழுத்து பிசகவில்லை. யாரும் சிரிக்கவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"வெத்தலபாக்கு எங்களுது, பொண்ணு உங்களுது."

மாப்பிள்ளையின் அம்மா தட்டை வாங்கக் கையை நீட்டிவிட்டார். அப்பா மூன்றாவது தடவை அழுத்தவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் புதிதாகத் தட்ட ஆரம்பித்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சித்தப்பா, "என்ன, மெசின் நின்னுபோச்சா?" என்றார். அவ்வளவு பேரும் அந்த ஒற்றை விரலையே பார்த்தார்கள். பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். ஒருவர் பேசி முடிக்க எங்கள் சொந்தக்காரர்கள் இவ்வளவு நேரம் காத்திருந்து நான் பார்த்ததே இல்லை.

"எம்மக நர்சு. எனக்கு மூச்சு விட வழி பண்ணுனவ. கல்யாணத்துக்குப் பொறகும் வேலைக்குப் போவா. உங்க ஊருக்குப் பக்கம் தேனியில வேலை பாத்துக்கிருவா. இது உங்களுக்குச் சம்மதமா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா எங்கள் அம்மாவையும் பார்க்கவில்லை, சித்தப்பாவையும் பார்க்கவில்லை. அப்பாவுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தார். கத்தாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"இத அன்னைக்கே கேட்டிருக்கலாமே, சம்பந்தி?"

அப்பா தட்டினார்.

"அன்னைக்கு என்னைய யாரும் கேக்கல."

அந்த அம்மா தட்டுக்கு நீட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டார். மாப்பிள்ளை மெதுவாக, "எனக்குச் சம்மதம்தான் மாமா" என்றார்.

"நீ சும்மா இருடா" என்றார் அவர் அம்மா. பிறகு அப்பாவிடம், "ராத்திரி வேலை உண்டா?" என்றார்.

"உண்டு. மாப்பிள்ள கொண்டுபோய் விடணும். கூப்பிடவும் வரணும்."

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். "நிச்சயத்தன்னைக்கே எம்மவன டிரைவராக்கிட்டீகளே சம்பந்தி! சரி, போகட்டும். நல்லா வேலைக்குப் போகட்டும்" என்று மறுபடியும் கையை நீட்டினார்.

அப்பா மூன்றாவது தடவையாக அழுத்தினார். தட்டு மாறியது. குலவைச் சத்தத்தில் கடைசி வார்த்தை யாருக்கும் கேட்கவில்லை. அக்கா மாப்பிள்ளையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மை கலைகிறது என்று அம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டுத் தானும் துடைத்துக்கொண்டாள்.

பந்தி முடியும் தறுவாயில் அம்மா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் அவருக்கு மட்டும் கரைத்து வைத்த ரசம் சோறு. பக்கத்திலேயே மடிக்கணினி.

"ஏங்க, அவுக முடியாதுன்னுட்டா என்ன செஞ்சிருப்பீக? ரெண்டு தடவ சொல்லியாச்சே. சபையில சொன்னது சொன்னதுதான?"

அப்பா கையை நன்றாகத் துடைத்துக்கொண்டார். பொறுமையாகத் தட்டினார். சத்தத்தைக் குறைக்க மறந்துவிட்டார். சாமியானா முழுக்கக் கேட்டது.

"கம்ப்யூட்டரு தப்பாச் சொல்லிருச்சுன்னு சொல்லியிருப்பேன்."